‘ஒன்லி’யை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். போன மாதம் வெளிநாட்டு பையருக்கு ஒரு மெயில் போட்டேன். ‘வி வில் ஷிப் த பிளாக் ஷூஸ் ஒன்லி ஆன் ஃப்ரைடே’ என்று எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை கருப்பு ஷூ மட்டும் போகும், பிரவுன் பிறகு போகும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவரோ, ‘புதன்கிழமை என்றுதானே பேசினோம், எதற்கு வெள்ளி வரை இழுக்கிறீர்கள்?’ என்று சூடாகப் பதில் போட்டார். பிரவுன் ஷூ வராது என்பது அவருக்குப் புரியவே இல்லை. ‘கிராமர் தெரியாமல் ஏன் மெயில் போடுகிறாய்?’ என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த வாக்கியத்தில் கிராமர் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தமிழில் வார்த்தையை எங்கே போட்டாலும் அர்த்தம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இப்படி? இதற்கு விதி ஏதாவது உண்டா?

— ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: வணக்கம் அம்மா. முதலில் மனசை விடாதீர்கள். உங்கள் வாக்கியத்தில் கிராமர் தப்பு எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அதன் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்காது, பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட மார்க் குறைத்திருக்க மாட்டார். சிக்கலே அதில்தான். தப்பான வாக்கியமாக இருந்தால் பையர் ‘புரியவில்லை’ என்று கேட்டிருப்பார். இது சரியான வாக்கியம், ஆனால் இரண்டு அர்த்தம். அவர் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டார், நீங்கள் நினைத்தது இன்னொன்று.

வேலூரில் இருந்துகொண்டு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகளின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. நான் பார்த்த தகராறுகளில் பாதிக்கு மேல் ஸ்பெல்லிங்காலோ டென்ஸாலோ வந்தவை இல்லை. ஒரு சின்ன வார்த்தை உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததால் வந்தவை.

தமிழில் எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. ‘கருப்பு ஷூ மட்டும் வெள்ளிக்கிழமை போகும்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘வெள்ளிக்கிழமை கருப்பு ஷூ மட்டும் போகும்’ என்றும் சொல்லுங்கள். அவசரத்தில் போனில், ‘போகும்ங்க வெள்ளிக்கிழமை, கருப்பு ஷூ மட்டும்’ என்றுகூடச் சொல்வோம். மூன்றும் ஒன்றுதான். ஆனால் கவனியுங்கள், மூன்றிலும் ‘மட்டும்’ என்கிற சொல் ‘ஷூ’வை விட்டு நகரவே இல்லை. ஷூ எங்கே போனாலும் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறது. அதைப் பிரித்து வெள்ளிக்கிழமைக்குப் பின்னால் போடுங்கள்: ‘கருப்பு ஷூ வெள்ளிக்கிழமை மட்டும் போகும்.’ தமிழிலும் அர்த்தம் மாறிவிட்டது, பார்த்தீர்களா? தமிழில் சுதந்திரம் இருப்பது மூட்டைக்குத்தான், மூட்டையின் முடிச்சுக்கு இல்லை. மட்டும், தான், கூட, ஐ, உக்கு, இல் எல்லாம் முடிச்சுகள். சொல்லின் பின்னால் இறுகக் கட்டிவிடுகிறோம், அதனால் மூட்டையை லாரியில் எந்த மூலையில் போட்டாலும் கவலை இல்லை.

ஆங்கிலத்தில் அந்த முடிச்சு மிகக் குறைவு. அங்கே எது யாரோடு சேர்ந்தது என்று சொல்ல இருக்கும் பெரிய வழி, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் நீங்களும் முன்பின் தெரியாத ஓர் அம்மாளும் உட்கார்ந்திருந்தால், கண்டக்டர் வந்து ‘இன்னாம்மா, ரெண்டும் சேத்தா?’ என்று கேட்பாரே, அதே கணக்கு. கண்டக்டராவது கேட்கிறார். மெயிலைப் படிக்கிறவர் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே குடும்பம் என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் ‘ஒன்லி’ ஒரு பக்கம் ஷூவோடும் மறுபக்கம் வெள்ளிக்கிழமையோடும் உட்கார்ந்திருந்தது. அவர் வெள்ளிக்கிழமையோடு சேர்த்து டிக்கெட் போட்டார்.

ஏன் ஷூவோடு சேர்க்கவில்லை? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் விழுகிற பள்ளம் இதுதான். நம் ‘மட்டும்’ பின்னால் வரும். ஆங்கிலத்தின் ‘ஒன்லி’, ‘ஜஸ்ட்’, ‘ஈவன்’, ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’ எல்லாம் பெரும்பாலும் முன்னால் நின்று, தனக்கு அடுத்து வருவதைச் சுட்டிக்காட்டும். நீங்கள் தமிழில் யோசித்து, ‘பிளாக் ஷூஸ்’ எழுதி, அதன் வாலில் ‘ஒன்லி’யைக் கட்டினீர்கள். அவர் ஆங்கிலத்தில் படித்து, ‘ஒன்லி’ கை நீட்டும் திசையைப் பார்த்தார். அங்கே ‘ஆன் ஃப்ரைடே’ நின்றது. வெள்ளிக்கிழமைதான், அதற்கு முன்னால் கிடையாது என்று ஆகிவிட்டது.

‘செக்கில் ருபீஸ் டென் தௌசண்ட் ஒன்லி என்று பின்னால்தானே போடுகிறோம்’ என்று உங்களுக்குத் தோன்றலாம். என் வகுப்பில் வருடம் தவறாமல் யாராவது ஒருவர் கேட்பார். பஸ்ஸில் ‘லேடீஸ் ஒன்லி’, ஆபீஸ் கதவில் ‘ஸ்டாஃப் ஒன்லி’ எல்லாம் அப்படித்தான். அங்கே பின்னால் போடுவது சரிதான், ஏனென்றால் ‘ஒன்லி’க்கு அப்பால் எதுவுமே இல்லை. கை நீட்ட ஆள் இல்லாததால் திரும்பித்தான் பார்க்க வேண்டும். செக்கில் அதைப் போடுவதே, அந்தத் தொகைக்குப் பின்னால் யாரும் இன்னொரு வார்த்தையைச் செருகிவிடக் கூடாது என்றுதான். உங்கள் வாக்கியத்தில் ‘ஒன்லி’யோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். அப்பால் ‘ஆன் ஃப்ரைடே’ வந்ததால்தான் வினை.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? பொருள்கோள் எட்டு என்று பத்தாம் வகுப்பு வாக்கில் உருப்போட்டிருப்பீர்கள். அதில் தாப்பிசை என்று ஒன்று வரும். நடுவில் நிற்கும் ஒரு சொல், ஊஞ்சல் மாதிரி முன்னாலும் போகும், பின்னாலும் வரும். ‘உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊன்உண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு’ என்ற குறளைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள். நடுவில் இருக்கிற ‘ஊன்’, ‘ஊன் உண்ணாமை’ என்று முன்னால் போய்ச் சேரும், ‘ஊன் உண்ண’ என்று பின்னாலும் சேரும். வள்ளுவர் இரண்டு பக்கமும் போகட்டும் என்றே வைத்தார், அழகாக இருக்கிறது. இரண்டு பக்கமும் போகிற சொல்லை நாம் ஷிப்மெண்ட் மெயிலில் வைத்தால் பையர் ஊஞ்சலாடுவார். ஆங்கில இலக்கணத்தில் இப்படி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிற சொல்லை ‘மாறுகண் அடைமொழி’ என்கிற பொருளில் ஒரு பெயரால் அழைக்கிறார்கள். எனக்கு நம்மவர்களின் ஊஞ்சல்தான் பிடித்திருக்கிறது.

‘ஒன்லி’ எவ்வளவு விளையாடும் என்று ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுகிறேன். ‘ஐ டோல்ட் த டிரைவர் டு வெயிட் அட் காட்பாடி.’ காட்பாடியில் காத்திருக்கும்படி டிரைவரிடம் சொன்னேன். இதன் தலையில் ‘ஒன்லி’யை வைத்தால், நான் மட்டும்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. ‘டோல்ட்’டுக்கு முன்னால் வைத்தால், சொன்னதோடு சரி, அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. ‘த டிரைவர்’க்கு முன்னால் வைத்தால், டிரைவரிடம் மட்டும் சொன்னேன், கிளீனரிடம் சொல்லவில்லை. ‘அட் காட்பாடி’க்கு முன்னால் வைத்தால், காட்பாடியில்தான் நிற்க வேண்டும், புது பஸ் ஸ்டாண்டில் நிற்கக் கூடாது. வார்த்தை ஒன்று, நாற்காலி நான்கு. தமிழில் இந்த நான்கையும் எழுத ‘மட்டும்’, ‘தான்’, ‘தோடு சரி’ என்று வேறு வேறு முடிச்சுகளைத் தேடுகிறோம். ஆங்கிலக்காரர் நாற்காலியை நகர்த்துகிறார், அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து எல்லோருடைய ‘ஒன்லி’யையும் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். ‘ஐ ஒன்லி ஹேட் டூ இட்லிஸ்’ என்று ஒருவர் சொன்னால், ‘சாப்பிட மட்டும்தான் செய்தாயா, பார்சல் வாங்கவில்லையா?’ என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு இட்லிதான் என்று எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் பேச்சில் ‘ஒன்லி’ வினைச்சொல்லுக்கு முன்னால் போய் நிற்பதே இயல்பு, எந்த வார்த்தையை அழுத்திச் சொல்கிறோம் என்பதை வைத்துக் காது புரிந்துகொள்ளும். ஃபௌலர் என்ற ஆங்கிலேயர் 1926-ல் வெளியிட்ட ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியிலேயே, குழப்பம் இல்லாத இடத்தில் ‘ஒன்லி’யைப் பிடித்து இழுத்துச் சரிசெய்பவர்களைக் கிண்டல் செய்திருக்கிறார். என் கட்சியும் அதுதான். வாட்ஸ்அப்பில் விட்டுவிடுங்கள். தேதி, அளவு, விலை, மருந்து, ஒப்பந்தம் இந்த ஐந்தும் வருகிற எழுத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். எழுத்தில் அழுத்திச் சொல்ல வழி இல்லை, இடம் ஒன்றுதான் இருக்கிறது.

‘ஆல்மோஸ்ட்’டும் இதே குடும்பம். ‘வி ஆல்மோஸ்ட் லாஸ்ட் ஃபிஃப்டி பேர்ஸ்’ என்றால் ஐம்பது ஜோடி போயிருக்கும், நல்லவேளை தப்பியது. ‘வி லாஸ்ட் ஆல்மோஸ்ட் ஃபிஃப்டி பேர்ஸ்’ என்றால் நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோ போயே போய்விட்டது. மழைத் தண்ணீர் குடோனில் புகுந்த அன்றைக்கு இன்சூரன்ஸ்காரருக்கு எதை எழுதுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, நானே மாட்டிக்கொண்ட கதை. தொழிலுக்கு வந்த புதிதில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரிக்கு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு சின்னக் குறிப்பேடு எழுதிக் கொடுத்தேன். பச்சைத் தோல் உள்ளே வருவதிலிருந்து பளபளவென்று வெளியே போவது வரை ஒவ்வொரு கட்டமாக. தோலிலிருந்து முடி தளர்ந்து வர, முதலில் அதைச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள், உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் எழுதினேன்: ‘ஆஃப்டர் சோக்கிங் இன் லைம் ஃபார் த்ரீ டேஸ், அவர் சூப்பர்வைசர் செக்ஸ் த ஹைட்ஸ் ஒன் பை ஒன்.’ மூன்று நாள் ஊறிய தோல்களை எங்கள் சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார் என்று சொல்ல வந்தேன். அச்சடித்து, அட்டை போட்டு, எல்லாம் முடிந்துவிட்டது. வந்த வெள்ளைக்காரர் அதைப் படித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சூப்பர்வைசரை மேலும் கீழும் பார்த்து, ‘மூன்று நாளா? தோல் எரியவில்லையா?’ என்று கேட்டிருக்கிறார். சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை, தோல் எரியாது சார் என்று டேனரித் தோலைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார். முதலாளி சாயங்காலம் எனக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

என் வாக்கியப்படி மூன்று நாள் சுண்ணாம்பில் ஊறியவர் சூப்பர்வைசர். ஏனென்றால் ‘ஆஃப்டர் சோக்கிங்’ என்று ஆரம்பித்துவிட்டு, ஊறியது யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆங்கிலம் என்ன செய்யும்? காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் முதலில் யார் நிற்கிறாரோ அவரைப் பிடித்து ஊறவைத்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விதி நமக்குத் தெரியாதது இல்லை. ‘சுண்ணாம்பில் மூன்று நாள் ஊறி, சூப்பர்வைசர் தோலைச் சரிபார்த்தார்’ என்று தமிழில் எழுதுங்கள். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சிரித்துவிடும். ‘செய்து’ என்னும் வினையெச்சத்தைச் செய்தவரும், முடிக்கிற வினையைச் செய்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று நன்னூல் சொல்கிறது, ‘வினைமுதல் கொள்ளும்’ என்று. அப்படியிருந்தும் நான் ஏன் விழுந்தேன்? நான் மனசுக்குள் யோசித்தது ‘ஊறி’ இல்லை, ‘ஊறிய பிறகு’. ‘தோல் ஊறிய பிறகு சூப்பர்வைசர் பார்ப்பார்’ என்பது நல்ல தமிழ், ஊறியது ஒன்று, பார்ப்பது வேறொருவர், யாரும் கேள்வி கேட்க முடியாது. ‘பிறகு’ என்றால் ‘ஆஃப்டர்’ என்று மனப்பாடம், ‘ஊறிய’ என்றால் ‘சோக்கிங்’. தோலை வழியில் தொலைத்துவிட்டேன். ‘ஆஃப்டர் த ஹைட்ஸ் ஹேவ் சோக்ட் இன் லைம் ஃபார் த்ரீ டேஸ்’ என்று தோலையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் சூப்பர்வைசர் தப்பித்திருப்பார்.

எனவே உங்களுக்கு ஒரு குறுக்கு வழி. ‘ஐஎன்ஜி’யில் முடிகிற சொல்லோடு வாக்கியத்தை ஆரம்பித்தால், அதைத் தமிழில் ‘செய்து’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், ‘செய்த பிறகு’ என்று மாற்றாதீர்கள். ‘ஆஃப்டர் செக்கிங் த சாம்பிள், த கலர் வாஸ் டூ லைட்’ என்று எழுதியிருந்தால், ‘சாம்பிளைச் சரிபார்த்து, கலர் வெளிறியிருந்தது’ என்று வரும். கலரா சரிபார்த்தது? காது உடனே சொல்லிவிடும். நம் ‘செய்து’ எச்சம் ஒன்றும் ரொம்பக் கறார் இல்லை என்பதும் உண்மைதான். ‘மழை பெய்து ஏரி நிறைந்தது’ என்கிறோம், பெய்தது ஒன்று, நிறைந்தது வேறு. உரைக்காரர்கள் அதை ‘பெய்ய’ என்று திரித்துப் பொருள் கொள்ளச் சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். ஆங்கிலத்திலும் ‘கன்சிடரிங்’, ‘ஜெனரலி ஸ்பீக்கிங்’ போன்ற சிலவற்றுக்கு இப்படிச் சலுகை உண்டு. ‘கன்சிடரிங் த ரெயின், த லாரி கேம் ஆன் டைம்’ என்றால் லாரி உட்கார்ந்து மழையை யோசித்தது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

முன்னால் வருவதில் சிக்கல் இது என்றால், வாலில் வருவதில் வேறொரு சிக்கல். உங்கள் தொழிலில் தினமும் வரும்: ‘ஷூஸ் அண்ட் பெல்ட்ஸ் மேட் ஆஃப் கோட் லெதர்.’ ஆட்டுத் தோல் பெல்ட்டுக்கு மட்டுமா, ஷூவுக்கும் சேர்த்தா? வாலில் தொங்குகிற ‘மேட் ஆஃப் கோட் லெதர்’ தனக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்ட்டை மட்டும் பிடிக்குமா, கை நீட்டி ஷூவையும் பிடிக்குமா?

இந்தக் கேள்விக்காக அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அங்கே தானியங்கி போன் தொந்தரவைத் தடுக்க 1991-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தானியங்கி டயலர் என்றால் என்ன என்பதற்கு அதில் ஒரு வரையறை: போன் நம்பர்களைச் சேமிக்கவோ உருவாக்கவோ கூடிய கருவி, அதன் வாலில் ஒரு காற்புள்ளி, அப்புறம் ‘எந்த ஒழுங்கும் இல்லாமலோ வரிசையாகவோ எண் உருவாக்கும் ஜெனரேட்டரைப் பயன்படுத்தி’ என்று ஒரு தொடர். ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாத ஒருவருக்கு, ‘உங்கள் கணக்கில் யாரோ நுழைந்தார்கள்’ என்று ஃபேஸ்புக்கிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ் வந்தது. அவர் வழக்குப் போட்டார். ஃபேஸ்புக்கின் முறை நம்பர்களைச் சேமித்து வைத்து அனுப்பியது, ஜெனரேட்டர் எதையும் பயன்படுத்தியதாக அவரும் சொல்லவில்லை. அப்படியானால் அந்த வால் ‘உருவாக்க’ என்பதோடு மட்டும் சேருமா, ‘சேமிக்க’ என்பதோடும் சேருமா? ‘உருவாக்க’ என்பதோடு மட்டும் என்றால், சேமித்து அனுப்புகிற முறையும் டயலர் ஆகிவிடும், அவர் வழக்கு நிற்கும். 2021 ஏப்ரல் 1 அன்று, ஒன்பது நீதிபதிகளும் ஃபேஸ்புக் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். வால் இரண்டோடும் சேரும் என்றார்கள், அதற்கு முன்னால் இருந்த காற்புள்ளியையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். ஒரு வால் எங்கே ஒட்டுகிறது என்பதற்கு ஒன்பது நீதிபதிகள்!

உங்களுக்கு அத்தனை பேர் வேண்டாம். ஷூவும் பெல்ட்டும் இரண்டுமே ஆட்டுத் தோல் என்றால் ‘கோட்-லெதர் ஷூஸ் அண்ட் கோட்-லெதர் பெல்ட்ஸ்’ என்று இரண்டு தடவை எழுதுங்கள். பெல்ட் மட்டும் என்றால் பெல்ட்டை முன்னால் கொண்டு வாருங்கள்: ‘கோட்-லெதர் பெல்ட்ஸ், அண்ட் ஷூஸ்’ என்று எழுதி, ஷூ எதில் செய்தது என்பதையும் சேருங்கள். இன்வாய்ஸில் ஒரே சொல்லை இரண்டு முறை எழுதுவது அசிங்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதாதே’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அதை மறக்க வைக்கத்தான் நான் பாதி நேரம் செலவழிக்கிறேன்.

இந்த இடத்தில் தமிழும் யோக்கியம் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்கு வாலில் வருவது நமக்குத் தலையில் வரும். ‘ஆட்டுத் தோலில் செய்த ஷூவும் பெல்ட்டும்’ என்றாலும் அதே சந்தேகம்தான். ‘பழைய புத்தகக் கடை’ என்றால் பழையது கடையா, புத்தகமா? வேலூரில் ‘பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடை’ என்று வெளியூர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள், பழைய டீக்கடையைத் தேடுகிறவர்களும் உண்டு. நமக்கு ஊர் தெரியும் என்பதால் தமிழ் தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உங்கள் பையருக்கு உங்கள் ஃபேக்டரி தெரியாது, பிரவுன் ஷூ பிறகுதான் போகும் என்பதும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததால் உங்கள் வாக்கியம் உங்களுக்குத் தெளிவாக இருந்தது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் எவரும் ஒரு நாள் எழுதுவார்: ‘ஆல் த பேர்ஸ் ஆர் நாட் டிஃபெக்டிவ்.’ எல்லா ஜோடியும் பழுது இல்லை, சிலதுதான் பழுது என்று சொல்ல நினைத்து எழுதுவது. படிக்கிறவர் ‘ஒன்றுகூடப் பழுதில்லை’ என்று எடுத்துக்கொண்டால் அவர்மேல் தப்பில்லை. ‘நாட்’டைத் தூக்கி முன்னால் வையுங்கள், ‘நாட் ஆல் த பேர்ஸ் ஆர் டிஃபெக்டிவ்’ என்று. இதைவிட நல்லது, எத்தனை ஜோடி பழுது என்று எண்ணி எழுதிவிடுவது.

விதி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன். மெயிலை அனுப்பும் முன் ஒன்லி, ஜஸ்ட், ஆல்மோஸ்ட், ஈவன், நாட் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து ‘எதை மட்டும்?’, ‘எது இல்லை?’ என்று கேட்பேன். பதில் அந்தச் சொல்லுக்கு அடுத்த சீட்டில் இருக்க வேண்டும். இல்லை என்றால் நகர்த்துவேன். நகர்த்தியும் இரண்டு பக்கமும் இழுத்தால், வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடுவேன்.

உங்கள் மெயிலையே எடுத்துக்கொள்வோம். ‘ஆன் ஃப்ரைடே வி வில் ஷிப் ஒன்லி த பிளாக் ஷூஸ்’ என்று நாளைத் தலைக்குக் கொண்டுபோய், ‘ஒன்லி’யைக் கருப்பு ஷூவுக்கு முன்னால் உட்கார வைத்தால் கிராமர்படி எல்லாம் சரி. ஆனாலும் நான் இதை அனுப்ப மாட்டேன். பிரவுன் என்ன ஆயிற்று என்று அவர் திரும்பக் கேட்பார். ‘த பிளாக் ஷூஸ் வில் ஷிப் ஆன் ஃப்ரைடே. த பிரவுன் ஷூஸ் வில் ஷிப் ஆன்’ என்று எழுதி, பிரவுன் போகும் தேதியைப் போட்டு முடித்துவிடுவேன். பார்த்தீர்களா, இத்தனை நேரம் நாம் அடித்துக்கொண்ட ‘ஒன்லி’ இதில் இல்லவே இல்லை.

அப்புறம், ‘ஷிப் ஆன் ஃப்ரைடே’ என்றால் ஆம்பூரிலிருந்து லாரி கிளம்பும் நாளா, சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நாளா? அவர் அடுத்து அதைத்தான் கேட்கப் போகிறார். கிழமையோடு தேதியையும் சேர்த்து, இப்போதே எழுதிவிடுங்கள்.